அளவு நோட்டில் இருந்த ஒன்பது கிலோ

என் அம்மா இளைத்துக்கொண்டே போகிறார் என்பதை முதன்முதலில் கணக்காக எடுத்துக் காட்டியவர் மருத்துவர் அல்லர்; கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் தையற்காரர். 2022 டிசம்பரில் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா பிடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்கிவர அவர் கடைக்குப் போனேன். பையை என் கையில் கொடுப்பதற்கு முன் அவர் மேசை இழுப்பறையிலிருந்து நீளவாக்கில் மடித்த அளவு நோட்டை எடுத்து விரித்து, அம்மாவின் பெயருக்கு நேரே விரலை வைத்தார். கைச் சுற்று ஜனவரியில் 11½ அங்குலம், ஜூலையில் 10½, டிசம்பரில் 9½. "தம்பி, டீச்சருக்கு ஒரே வருஷத்துல மூணு தடவை ரவிக்கை பிடிச்சாச்சு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் சட்டை தொளதொளன்னு ஆச்சு, நாங்க கவனிக்காம விட்டுட்டோம். டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார்.

நாங்கள் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தோம், ஆனால் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2021 ஐப்பசியில் அப்பா காலமானார். நாற்பத்தாறு ஆண்டுகள் கூடவே இருந்தவர் போனபின் ஒரு பெண் மெலிவதற்கு வேறு விளக்கம் எதற்கு? பிரிவுத் துயரில் தலைவியின் வளை நெகிழ்வதையும் தோள் மெலிவதையும் சங்கப் பாடல்களில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அம்மாவோ அதை வகுப்பில் நடத்தியவர். பாத்திரம் தேய்க்கும்போது நழுவி விழுந்த இரண்டு வளையல்களையும் அவர் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்; மோதிரம் நிற்பதற்கு அடியில் நூல் சுற்றிக்கொண்டார். வந்து போன உறவினர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். துயரத்துக்கு அடையாளமாக ஒரு கை மெலிந்திருப்பதில் நம் மனத்துக்கு ஏதோ பொருத்தமும் தென்பட்டுவிடுகிறது. பொருத்தமாக இருக்கும் விளக்கத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.

துக்கம் என்று எண்ணாத வேறு சிலர் பாராட்டினார்கள். சிறுதானியமா, காலை நடையா, இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டீர்களா என்று என் சித்தி மகள் ரகசியம் கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. "கல்யாணப் போட்டோவில் இருப்பது போலவே ஆகிவிட்டீர்கள், அம்மா" என்று கோயம்புத்தூரிலிருந்து காணொளி அழைப்பில் சொன்னவன் நான்தான். அதற்கு முன்பே, அக்டோபரில், பக்கத்தில் இருந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு அம்மா தனியாகவே போய்வந்திருக்கிறார். களைப்பாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்றதற்கு அங்கே ஒரு சத்து டானிக்கும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடை பார்க்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் கொலஸ்டிரால் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று மகிழ்ச்சி தெரிவித்தும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குறைவே நோயின் ஒரு தடயம் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தையற்காரர் சொன்ன மறுநாள் நான் அம்மாவின் காகிதக் கட்டுகளைத் துழாவினேன். அதே ஆண்டு பிப்ரவரியில் கண்புரை அறுவைக்காகச் சேர்ந்தபோது எழுதிய தாளில் எடை 58 கிலோ என்று இருந்தது. தெருக்கோடி மருந்துக்கடையின் எடைமானியில் ஏற்றிப் பார்த்தால் 49. பத்து மாதத்தில் ஒன்பது கிலோ என்றால் பதினைந்து விழுக்காட்டுக்கும் மேல். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒருவரின் வழக்கமான எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லைக்கோடு. அம்மாவின் உடம்புக்கு அது மூன்று கிலோகூட இல்லை. அந்தக் கோட்டை அவர் சித்திரையிலோ வைகாசியிலோ தாண்டியிருப்பார். நாங்கள் மார்கழியில் விழித்துக்கொண்டோம். பழைய எடை எங்காவது எழுதி வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கே சாத்தியம் என்பதையும் சொல்ல வேண்டும். "இளைச்சிட்டியே" என்று நாம் வாசலில் வைத்துக் கேட்பது நலம் விசாரிக்கும் சொல்; அதில் கிலோ இல்லை. எழுதி வைக்காத வீடுகளில் புடவைக் கொசுவம் கூடியது, இடுப்புவாரில் புதுத் துளை போட்டது, பல்செட் ஆடுவது, கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறுவது ஆகியவற்றையே மருத்துவர்கள் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த பொதுநல மருத்துவர் பிறகு சொன்னார். தையற்காரரின் நோட்டை நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே எங்கள் கோப்பில் எழுதிக்கொண்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பாடு குறைந்திருக்கிறதா, இல்லையா?" நான் குறைந்துதான் இருக்கும் என்று தொடங்கினேன். அம்மா என்னைக் கையமர்த்தினார். "நான் நல்லாத்தான் சாப்பிடறேன். சொன்னா யாரும் நம்பறதில்லை" என்றார். அன்று மாலை வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடம் கேட்டேன். ஆழாக்கு அரிசி வடித்தது போய் இப்போது ஒன்றரை ஆழாக்கு வடிக்கிறார் என்றும், இரவில் தண்ணீர் ஊற்றி வைக்கும் சோறு காலையில் பாதிதான் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். ஓர் ஆண்டாகத் துயரத்தால் சோறு இறங்காமல் மெலிந்துகொண்டிருந்ததாக நாங்கள் எல்லோரும் நம்பிய பெண்மணி, இரவு பதினொரு மணிக்கு எழுந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். அதனால் எனக்கு இந்த விஷயம் இப்படித்தான் புரிந்தது: இருப்பு குறைகிறது என்றால் வரவு குறைந்திருக்க வேண்டும், அல்லது செலவு கூடியிருக்க வேண்டும், அல்லது வரவு வைத்ததும் பதிவாகாமல் எங்கோ கசிந்துகொண்டிருக்க வேண்டும். உடம்புக்கும் அதுவே. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒன்பது கிலோவும் கொழுப்பே என்று வைத்துக்கொண்டு பத்து மாதத்துக்கு வகுத்தால், நாளொன்றுக்கு இருநூறு கலோரிக்குச் சற்று மேல் வருகிறது. மூன்று இட்லி அளவுக்குச் சமம். ஒரு நாளில் யார் கண்ணுக்கும் படாத தொகை. ஓர் ஆண்டில் ஒருவரை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும் தொகை. உண்மையில் கரைவதில் தசையும் சேர்ந்திருக்கும் என்பதால் பற்றாக்குறை இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கலாம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைப் பட்டியல் நீளமாக இருந்தது: இரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், தைராய்டு, சிறுநீர், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். எல்லா முடிவுகளும் கைக்கு வர மூன்று நாட்கள் ஆயின. ஒவ்வொரு சோதனையும் எதைத் தேடுகிறது என்று அந்த மூன்று இரவுகளில் படித்துப் படித்து நான் என் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டேன்.

சர்க்கரைப் பரிசோதனை தேடுவது கசிவை. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டு உள்ளே அனுப்ப முடிவதில்லை. மிஞ்சியது சிறுநீரோடு போகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீரிழிவு என்ற பெயர் அதைத்தான் சொல்கிறது. இன்சுலின் இல்லாத இடத்தில் திசுக்களுக்குச் சர்க்கரை எட்டாமல், உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் உருக்கிச் செலவு செய்கிறது. சதையும் கைகால்களும் உருகிச் சிறுநீராகப் போகும் நோய் என்று கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியதற்கு அது காரணம். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்சனுக்கு வயது 14. எடை முப்பது கிலோகூட இல்லை. இப்போது இதே கசிவை வேண்டுமென்றே உண்டாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்கின்றன. எனவே அவற்றைச் சாப்பிடும் பெரியவர்கள் இரண்டு மூன்று கிலோ குறைந்தால் மருந்துச் சீட்டை முதலில் பார்ப்பது நல்லது. வயதான காலத்தில் திடீரென்று புதிதாகச் சர்க்கரையும் வந்து, கூடவே எடையும் சரிந்தால் மருத்துவர்கள் கணையத்தைச் சந்தேகிப்பார்கள் என்பதையும் அந்த இரவுகளில்தான் படித்தேன், படித்திருக்க வேண்டாம். அம்மாவின் சர்க்கரை சரியாகவே இருந்தது.

மார்பு எக்ஸ்ரே தேடுவது, தையற்காரரின் அண்ணனுக்கு வந்ததை. பாத்திரக் கடையில் வேலை பார்த்த அவருக்கு இருமல் பெரிதாக இருந்ததில்லையாம்; மாலையில் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், இரவில் பனியன் நனையும், சட்டை மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே போகும். காசநோய் என்று கண்டுபிடித்தபோது தாமதமாகிவிட்டிருந்தது. இந்த நோய்க்குத் தமிழில் எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் பெயர் இருந்தது. சயம் என்றால் தேய்தல். கிருமியைப் பார்ப்பதற்கு முன்னால் மக்கள் பார்த்தது தேய்வைத்தான். இதில் நம் சென்னைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளில் ஒரு பிரிவினரை நல்ல சாப்பாட்டோடு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றொரு பிரிவினரை நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே குறைந்த உணவோடும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது: குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. எடை கூடியது என்னவோ சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிகம். மருந்து இருந்தால் வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்ற அந்தக் கண்டுபிடிப்பு எத்தனையோ குடும்பங்களைப் பிரியாமல் காத்தது.

ஆனால் உணவு முக்கியமில்லை என்று அதற்குப் பொருள் கொண்டவர்கள் தவறு செய்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினர் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருட்கள் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே நோயாளியின் எடையும் உயரமும் பார்த்து, மிகவும் மெலிந்திருப்பவர்களைத் தனியே பிரித்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் உயிர் போவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். எடைமானி அங்கே சிகிச்சைக் கருவி.

மற்றச் சோதனைகள் எல்லாம் எதைத் தேடுகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயிறு, கணையம், உணவுக்குழாய், நுரையீரல், நிணநீர்க்கணுக்கள் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் எடை இழப்பு பல நேரங்களில் முதல் அறிகுறி. கட்டி நம் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறது என்று வீடுகளில் சொல்வார்கள். உண்மை அதைவிட விசித்திரம். ஆப்பிரிக்காவில் கால்நடைகளைத் தாக்கும் ட்ரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி உடம்பில் மிகச் சிறிதளவே இருக்கும்போதும் விலங்கு எலும்பும் தோலுமாகிவிடுவதைப் பார்த்து ஆண்டனி செராமி என்ற ஆய்வாளர் யோசித்தார்: இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு உடம்பைத் தின்றிருக்க முடியாது. அப்படியானால் உருக்குவது விலங்கின் உடம்பேதான். அவரும் ப்ரூஸ் பாய்ட்லரும் அந்த உருக்கும் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் காக்கெக்டின் என்று பெயரிட்டார்கள். வேறொரு குழு வேறொரு வழியில் கண்டுபிடித்து வைத்திருந்த டி.என்.எஃப். என்ற புரதமும் இதுவும் ஒன்றே என்பது 1985-இல் தெரியவந்தது. நோயை எதிர்க்க நம் வெள்ளணுக்கள் விடும் செய்திப் பொருள் அது. நாள்பட்ட நோயில் அது ஓயாமல் ஒலிக்கும்போது பசி அடங்கிப்போகிறது, தசை கரைகிறது. இப்படி உருகுகிறவருக்கு "இன்னும் ரெண்டு வாய்" என்று ஊட்டுவதால் மட்டும் எடை திரும்புவதில்லை. சாப்பிடவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் வீடுகளில் இதை யாராவது சொன்னால் தேவலை.

மூன்றாம் நாள் முடிவுகளைக் கொண்டு போனபோது மருத்துவர் தாள்களை விரைவாகப் புரட்டி ஒரு வரியில் நின்றார். தைராய்டைச் சுரக்கச் சொல்லும் கட்டளை ஹார்மோனான டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, 0.4-க்கு மேல் இருக்க வேண்டியது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் இது இப்படி விழுந்துவிடும். எழுந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு முழு நிமிடம் பிடித்துக்கொண்டே இருந்தார். நாடி வேகமாகவும் தாளம் தப்பியும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, கழுத்தையே பார்த்தார். விழுங்கும்போது தொண்டைக்குழிக்கு மேலே வலப்பக்கம் ஒரு சிறிய மேடு ஏறி இறங்கியது. "இது எப்போதிருந்து?" என்றார். "அது சின்ன வயசிலேர்ந்து இருக்கே" என்றார் அம்மா. கல்யாணப் படத்தில் எல்லா நகைகளுக்கும் மேலே கழுத்தை ஒட்டி ஓர் அகலமான அட்டிகை இருக்கும். அதைப் பாட்டி ஏன் இரவல் வாங்கிப் போட்டுவிட்டார் என்பது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில் எனக்குப் புரிந்தது.

தைராய்டு சுரப்பியில் பல ஆண்டுகளாகச் சும்மா இருக்கும் முடிச்சுகளில் ஒன்றிரண்டு, வயதான காலத்தில் மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே சுரக்கத் தொடங்கிவிடுவதுண்டு. ஹார்மோன் மிகுந்தால் உடம்பின் ஒவ்வோர் அணுவும் கூடுதலாக எரிக்கிறது. படுத்துத் தூங்கும்போதும் அடுப்பு முழுதாக எரிந்துகொண்டிருக்கும். 1895-இல் அடால்ஃப் மாக்னஸ்-லெவி என்ற ஜெர்மானிய மருத்துவர், இத்தகைய நோயாளிகள் ஓய்வில் இருக்கும்போதே மற்றவர்களைவிடக் கூடுதலாக ஆக்ஸிஜனைச் செலவிடுகிறார்கள் என்று அளந்து காட்டினார்; இரத்தத்தில் ஹார்மோனை அளக்க முடியாத காலத்தில், மூச்சை அளந்தே இந்த நோயைக் கண்டுபிடித்துவந்தார்கள். அம்மாவின் கணக்கில் நடந்தது வரவுக் குறைவு அன்று, செலவு மிகுதி. கூடுதலாக வடித்த அந்த அரை ஆழாக்கும் அந்த அடுப்புக்குப் போதவில்லை.

தடயங்கள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் வைத்திருந்தோம். குளிர் தாங்காதவர் மார்கழியில் மின்விசிறி போட்டுப் படுத்தார். மனப் புழுக்கம் என்றோம். தூக்கம் இல்லை, தனிமை என்றோம். அரிவாள்மனையின் முன்னாலிருந்து எழுந்திருக்க நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார், மூட்டுவலி என்றோம். அது மூட்டு அன்று, தொடைத் தசை கரைந்துபோயிருந்தது. இளையவர்களுக்கு இந்த நோய் வந்தால் கைநடுக்கம், கண் பிதுங்குதல், பரபரப்பு என்று வெளிப்படையாகத் தெரியும். வயதானவர்களில் பலருக்கு அப்படி எதுவும் இருப்பதில்லை. களைத்து, ஒடுங்கி, பேச்சுக் குறைந்து, எடை மட்டும் சரிந்துகொண்டே போகும். சிலருக்குப் பசியும் குறையும். பார்ப்பவருக்கு அது மனச்சோர்வாகவோ வயோதிகமாகவோதான் தோன்றும். அதை விட்டுவைத்தால் தாளம் தப்பிய இதயத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, "கல்யாணப் போட்டோவில் இருப்பது போல" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

தைராய்டு சுரப்பைக் குறைக்கக் கார்பிமசோல் மாத்திரையும், நாடியை அடக்க ஒன்றும், இரத்தம் உறையாதிருக்க ஒன்றும் தொடங்கினார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கார்பிமசோலை நிறுத்திவிட்டு உடனே வந்து வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். அபூர்வமாக அந்த மருந்து அவற்றை அழித்துவிடுமாம். பொங்கல் கழிந்து ஆறு வாரத்தில் எடை 51 ஆனது. முடிச்சு இருக்கும்வரை மாத்திரை நிரந்தரத் தீர்வு ஆகாது என்பதால், அடுத்த ஆகஸ்டில் சென்னையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஏதோ பெரிய சடங்கை எதிர்பார்த்துப் போன அம்மாவுக்கு ஒரு மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்கம் என்பதால் சில நாட்கள் பேத்தியைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார்கள். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. இப்போது சுரப்பு தேவைக்கும் கீழே போய்விட்டதால் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார்.

நாங்கள் செய்த தவறை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இளைத்தவர் எல்லோருக்கும் உள்ளே ஒரு பெரிய நோய் ஒளிந்திருப்பதில்லை. துக்கத்தால் மெலிவது உண்மையிலேயே உண்டு. முதியவர்களின் எடை இழப்புக்கு மனச்சோர்வு முக்கியமான காரணங்களில் ஒன்று. எங்கள் தெருவிலேயே இன்னொரு பெரியவர் ஏழு கிலோ குறைந்தார். எல்லாச் சோதனையும் செய்தபின், கீழ்ப் பல்செட் உடைந்துபோனதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஆறு மாதமாக இட்லியும் ரசம்சாதமும் மட்டுமே சாப்பிட்டுவந்தார் என்று தெரிந்தது. ஒருவருக்காகச் சமைப்பானேன் என்று தேநீரும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறவர்கள், சாப்பிட்டோமா என்பதையே மறந்துவிடும் மறதி நோயினர், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ வலிப்புக்கான டோபிராமேட்டோ பசியைக் குறைத்துவிட்டவர்கள், கடைக்கு நடந்துபோக முடியாதவர்கள் என்று வரவு குறைகிறவர்களே எண்ணிக்கையில் ஏராளம். குடல் சத்தை உறிஞ்சாமல் விடுவதும், இதயமோ நுரையீரலோ பழுதாகி மூச்சு விடுவதற்கே உடம்பு உழைப்பதும் வேறு. தேடியும் காரணம் பிடிபடாதவர்கள் நான்கில் ஒருவர் வரை இருக்கிறார்கள். முதல் சுற்றுச் சோதனைகள் எல்லாமே சரியாக இருந்தால் பெரிய நோய்க்கான வாய்ப்பு குறைவு என்பதால், அவர்களைக் கண்ட சோதனைக்கெல்லாம் அலைக்கழிக்காமல், சில மாதம் கழித்து மீண்டும் எடை பார்ப்பதே வழக்கம்.

அம்மா இப்போது மாதம் முதல் தேதி காலையில் எடை பார்த்து, தினசரி நாள்காட்டித் தாளின் ஓரத்தில் ஆசிரியைக் கையெழுத்தில் குறித்து வைக்கிறார். போன மாதம் 55. வளையல்கள் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டன. சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பழைய ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு இருவருமாகத் தையற்காரரிடம் போனோம். பிடித்தபோது துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துவிட்டிருந்ததாகச் சொல்லி, அவர் ஒன்றை உள்பக்கம் திருப்பி, பிளேடு முனையால் தையலை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தார். இரண்டு பிடிப்பு பிரிந்து மூன்றாவதுக்கு வந்ததும் அம்மா அதை விட்டுவிடச் சொன்னார். "ஏன் டீச்சர், இறுக்கமா இருக்காதா?" என்று அவர் கேட்டார். "இருக்கட்டும். கொஞ்சம் இளைச்ச மாதிரியும் இருக்கட்டும்" என்றார் அம்மா. அவர் நாடாவை எடுத்துக் கையைச் சுற்றி அளந்து, 10¾ என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.